மானியக் கணக்கு: கடலோர நிலத்தைக் காக்க யார் எவ்வளவு தருகிறார்கள்?

"சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியத்தில் சொட்டுநீர்ப் பாசனம்" என்ற அறிவிப்பை இராமநாதபுரம் மாவட்டத்தில் படிக்காதவர்கள் குறைவு. படித்ததும் ஒரு சந்தேகம் வரும்: ஒருவருடைய சொந்த வயலில் குழாய் போடுவதற்கு அரசு எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்? குழாய் போட்டு முடித்த பிறகு இன்னொரு சந்தேகம் வரும்: நூறு சதவீதம் என்றார்களே, என் பையிலிருந்து ஏன் பணம் போனது? இரண்டுமே நியாயமான கேள்விகள். இவற்றுக்கு விடை தெரிந்தால், வேளாண்மை அலுவலகத்தில் கேட்கும் பாதிச் சொற்கள் தாமாகவே புரிந்துவிடும்.

முதலில் இது எதுவல்ல என்று பார்த்துவிடலாம். இது கடன் அல்ல. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நிவாரணமும் அல்ல. புயலோ வறட்சியோ வந்து பயிர் போன பிறகு தருவது நிவாரணம். பிரீமியம் கட்டி இழப்பு வந்தால் பெறுவது காப்பீடு. நாம் பேசுவது வேறு. மண்ணையோ நீரையோ மரத்தையோ கடலையோ காக்கும் ஒரு குறிப்பிட்ட வேலையை உங்கள் இடத்தில் நீங்கள் செய்கிறீர்கள். அந்த வேலையின் செலவில் இன்ன பங்கு என்னுடையது என்று அரசு முன்கூட்டியே சொல்லி ஏற்றுக்கொள்கிறது. மீதிப் பங்கும் உழைப்பும் பராமரிப்பும் உங்களுடையவை. இதைச் செலவுப் பகிர்வு என்று சொல்லலாம். அலுவலக வழக்கில் எல்லாவற்றுக்கும் மானியம் என்ற ஒரே பெயர்தான்.

இனி முதல் கேள்வி: அரசு ஏன் தர வேண்டும்? இதற்கு விடை வேறெங்கையும்விடக் கடலோரத்தில் எளிதாகப் புரியும். தேவிபட்டினம், பெரியபட்டினம், சாயல்குடி போன்ற கரையோரப் பகுதிகளில் நிலத்துக்கடியில் நல்ல தண்ணீர் தனியாக இருப்பதில்லை. மழை கொடுத்த நன்னீர், கடல் கொடுத்த உப்புநீரின் மேல் எண்ணெய்போல மிதந்துகொண்டிருக்கிறது. உப்புநீரின் அடர்த்தி சற்று அதிகம் என்பதால் இந்த ஏற்பாடு நிலைக்கிறது. பேடன் கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் நூறாண்டுகளுக்கு முன்பே இதற்குக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள்: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டாரை ஓட்டி மேல்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறப் பார்க்கும்.

ஆகவே இந்தக் கரையில் ஒருவர் இறைக்கும் தண்ணீர் அவருடைய சொந்த விவகாரம் மட்டும் அல்ல. இரவும் பகலும் வாய்க்காலில் நீர் விடுபவருடைய கிணறு உப்பாவதற்கு முன்னால் பக்கத்துக்காரருடைய கிணறு உப்பாகலாம். சொட்டுநீர் போட்டு இறைப்பைக் குறைப்பவர், தம் பயிரோடு சேர்த்து ஊர்க் குடிநீர்க் கிணற்றையும் காக்கிறார். ஆனால் குழாய்க்கான செலவு முழுவதும் அவர் தலையில். பலன் பத்துப் பேருக்கும் செலவு ஒருவருக்கும் என்றால் அந்த வேலை நடக்காது. மனிதர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல, கணக்குக் கட்டுப்படியாகாது என்பதால். அந்த இடைவெளியைப் பொதுப் பணத்தால் அடைப்பதுதான் செலவுப் பகிர்வின் அடிப்படை. எவ்வளவு பலன் ஊருக்குப் போகிறதோ அவ்வளவு பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பது கொள்கை. நடைமுறையில் சதவீதங்களை அரசியலும் நிதிநிலையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதும் அல்ல. கண்மாய்க் கரையை உயர்த்துவதும் வரத்துக்கால் வெட்டுவதும் மடையைச் சரிசெய்வதும் ஊரார் ஆள் கொடுத்துச் செய்த வேலைகள்; அதுதான் குடிமராமத்து. 2017இல் தமிழக அரசு அந்தப் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, வேலையின் மதிப்பில் 10 சதவீதத்தைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும், 90 சதவீதம் அரசினுடையது என்று பங்கு பிரித்தார்கள். வேலையை ஆயக்கட்டுதாரர் சங்கமே எடுத்துச் செய்யலாம் என்பது திட்டம். அந்தப் பத்து சதவீதம் எல்லா ஊரிலும் உண்மையான உழைப்பாக வந்ததா, வெறும் காகிதத்தில் வந்ததா என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் பங்கு கேட்டதற்குக் காரணம் பணத் தட்டுப்பாடு மட்டும் அல்ல. தன் கைக்காசு கொஞ்சமாவது போட்ட மடையை உடைந்தால் சரிசெய்ய ஆள் வருவார் என்ற எதிர்பார்ப்பும் அதில் இருந்தது.

அமெரிக்காவில் இதே ஏற்பாடு 1930களின் பெரும் புழுதிப் புயல்களுக்குப் பிறகு வேர்பிடித்தது. மண் பறந்துபோனதைக் கண்டு 1935இல் மண் பாதுகாப்புக்கென்றே ஒரு துறையை அமைத்தார்கள். இன்று அங்குள்ள பெரிய செலவுப் பகிர்வுத் திட்டம் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. விளைநிலம், கால்நடைப் பண்ணை, தனியார் காடு மூன்றுக்கும் அது பொருந்தும். செலவில் 75 சதவீதம் வரையும், வசதி குறைந்தவர்களுக்கும் புதிதாக விவசாயத்துக்கு வருபவர்களுக்கும் 90 சதவீதம் வரையும் தருகிறார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது சதவீதத்தை அல்ல. அங்கே முதலில் அலுவலர் வந்து முழுப் பண்ணைக்கும் ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுகிறார். பணம் பிறகுதான் வருகிறது. இங்கே அப்படி இல்லை. மிளகாய்க்குச் சொட்டுநீர் தோட்டக்கலைத் துறையில். பண்ணைக்குட்டையும் சூரியசக்தி மோட்டாரும் வேளாண்மைப் பொறியியல் துறையில். கண்மாய் வண்டலுக்குத் தாசில்தாரிடம். கடல்பாசிக்கு மீன்வளத் துறையில். உங்கள் நிலம் ஒன்றுதான், வாசல்கள் பல. எல்லாவற்றையும் ஒரு கோர்வையாக யோசிக்கும் வேலை உங்களுடையதாகிவிடுகிறது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். நூறு சதவீதம் என்றால் எதில் நூறு?

ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவுதான் செலவு என்று அரசு ஓர் அலகுத் தொகையை நிர்ணயிக்கிறது. சொட்டுநீரில் அது பயிர் இடைவெளியைப் பொறுத்தது. தென்னைக்குப் பக்கக் குழாய்கள் தள்ளித் தள்ளி வருவதால் குறைவு. மிளகாய் போன்ற நெருக்கமான பயிருக்கு அதிகம். சதவீதம் கணக்கிடப்படுவது இந்தத் தொகையின்மேல்தான். நீங்கள் உண்மையில் செலவழித்ததன்மேல் அல்ல. சொட்டுநீரும் தெளிப்புநீரும் அடங்கிய தேசிய அளவிலான நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிக்கு 55 சதவீதம், மற்றவர்களுக்கு 45 சதவீதம் என்பது அடிப்படை. அதை மத்திய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்று பிரித்துக்கொள்கின்றன. தமிழ்நாடு இதற்கு மேல் தன் பணத்தைப் போட்டுச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 ஆகவும் மற்றவர்களுக்கு 75 ஆகவும் உயர்த்தியிருக்கிறது. ஆக, சிறு விவசாயிக்கான ஒவ்வொரு 100 ரூபாயிலும் 33 ரூபாய் மத்திய அரசுடையது, 67 ரூபாய் மாநிலத்துடையது. பெயர்ப்பலகையில் யார் படம் பெரிதாக இருக்கிறது என்பதை வைத்து இதைக் கணக்கிடக் கூடாது.

வரம்புகளும் உண்டு. சிறு, குறு விவசாயிக்கு ஐந்து ஏக்கர் வரை; மற்றவர்களுக்கு பன்னிரண்டரை ஏக்கர் வரை. இரண்டரை ஏக்கர் வரை உள்ளவர் குறு விவசாயி. அதற்கு மேல் ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. ஒருமுறை மானியம் பெற்ற நிலத்துக்கு மறுபடி கேட்க ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கருவியின் ஆயுள் அவ்வளவு என்று வைத்திருக்கிறார்கள்.

உச்சவரம்பு என்ற சொல்லைத் தனியாகக் கவனியுங்கள். சொட்டுநீரோடு சேர்ந்த துணைப் பணிகளுக்குத் தமிழ்நாட்டில் கூடுதல் மானியம் உண்டு. மோட்டாருக்குச் செலவில் பாதி, ஆனால் 15,000 ரூபாய்க்கு மிகாமல். நீர் கொண்டுசெல்லும் குழாய்க்குப் பாதி, ஆனால் ஹெக்டேருக்கு 10,000 ரூபாய்க்கு மிகாமல். கிணற்றிலிருந்து வயல் தள்ளி இருக்கிறது, ஒரு ஹெக்டேருக்குக் குழாய் பதிக்க 30,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி 15,000. கிடைப்பது 10,000. அறிவிப்பில் 50 சதவீதம். உங்கள் கையில் 33 சதவீதம். யாரும் ஏமாற்றவில்லை, "மிகாமல்" என்பதை வாசிக்காமல் விட்டதுதான் வித்தியாசம். எந்தத் திட்டமானாலும் சதவீதத்தை விட்டுவிட்டு உச்சவரம்பையும் அலகுத் தொகையையும் முதலில் கேளுங்கள். இரண்டு எண்களையும் உங்கள் உண்மையான மதிப்பீட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.

சூரியசக்தி மோட்டாருக்கு 2019இல் வந்த பிரதமரின் குசும் திட்டத்தில் மத்திய அரசு 30, மாநில அரசு 30, விவசாயி 40 என்பது அடிப்படைப் பங்கீடு. மின் இணைப்புக்காகக் காத்திருப்பவர்களுக்கும் டீசலில் பணம் கரைப்பவர்களுக்கும் இது வரம். ஆனால் மேலே சொன்ன ஒன்றுக்கு நாற்பது என்ற உப்புக் கணக்கை நினைவில் வையுங்கள். வெயிலுக்குப் பணம் கேட்பவர் இல்லை என்பதால் மோட்டாரை நிறுத்த யாருக்கும் மனம் வராது. நீரைக் காக்கும் திட்டத்தின் பெயரில் நீரை அதிகம் இறைக்க வைக்கவும் மானியத்தால் முடியும். கடலோரத்தில் சொட்டுநீர் இல்லாமல் சூரியசக்தி மோட்டார் மட்டும் வாங்குவது எனக்கு நல்ல யோசனையாகத் தோன்றவில்லை. அதேபோல், சொட்டுநீர் போட்டு மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கரைச் சேர்த்துப் பயிரிட்டால் உங்களுக்கு வருமானம் கூடும். நிலத்தடி நீருக்கு ஒன்றும் மிஞ்சாது.

இந்த மாவட்டத்துக்குப் பொருத்தமானது எது என்று கேட்டால் பண்ணைக்குட்டையைச் சொல்வேன். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் இல்லாமல் போவதும், தையில் காய்க்கத் தொடங்கும் முண்டு மிளகாய் மாசியில் வாடுவதும் இங்கே புதிதல்ல. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. ஆனால் குறியீடு தண்ணீர் தராது. முப்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு குட்டை வெட்டினால், கரைச் சரிவைக் கழித்து ஏறத்தாழ 11, 12 லட்சம் லிட்டர் நிற்கும். இரண்டு உயிர்த் தண்ணீருக்குப் போதும். இன்னும் ஆழமாக வெட்டலாமே என்று கேட்பவர்களுக்குக் கடலோரம் ஒரே பதில்தான் சொல்லும்: கீழே உப்பு ஊறிவிடும். மணல் கூடிய இடத்தில் தண்ணீர் இறங்கிவிடும் என்பதால் தார்ப்பாய் விரிக்க வேண்டும். அந்தச் செலவு மானியத்தில் சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து ஏக்கரில் குட்டைக்கு மட்டும் இருபத்தைந்து சென்ட் போலப் போய்விடும் என்பதும் செலவுதான். அதை எந்தப் படிவத்திலும் யாரும் எழுதுவதில்லை.

பணமே கைமாறாத பங்கீடு ஒன்றும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கண்மாய்களில் படிந்த வண்டலை விவசாயிகள் அனுமதி பெற்று இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்: நன்செய் ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கனமீட்டர். மண் அரசுடையது, வெட்டு கூலியும் டிராக்டர் வாடகையும் உங்களுடையவை. கண்மாய் ஆழமாகிறது, மணலும் உவரும் கலந்த நிலத்துக்குச் சத்தும் ஈரம் பிடிக்கும் தன்மையும் வருகிறது. அரசு ஒரு ரூபாய்கூட உங்களுக்குத் தரவில்லை. ஆனாலும் இரு தரப்பும் லாபம் பார்க்கின்றன.

மரத்துக்குப் பணம் எப்படித் தருகிறார்கள் என்பதைப் பாருங்கள். அதில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. 2016-17இல் தொடங்கிய தேசிய வேளாண் காடுகள் திட்டத்தில் செலவில் பாதியைத் தந்தார்கள், ஆனால் ஒரேயடியாக அல்ல. அந்தப் பாதியில் முதல் ஆண்டு 40 சதவீதம், அடுத்த மூன்று ஆண்டுகளும் 20, 20, 20. தமிழ்நாட்டின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் தேக்கு, வேங்கை, மகோகனி போன்ற கன்றுகளை இலவசமாகத் தந்து, இரண்டாம் ஆண்டு முதல் உயிரோடு நிற்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஆண்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தார்கள். ஏழு ரூபாய் ஒரு தேநீர்க் காசுக்கும் குறைவு என்று சிரிக்கலாம். ஆனால் நட்டதற்குப் பணம் தருவதற்கும் பிழைத்ததற்குப் பணம் தருவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நட்டதற்கு மட்டும் தந்தால் கன்றுகள் புகைப்படத்தோடு முடிந்துவிடும். இங்கே கன்றின் எதிரி வெயிலோடு வெள்ளாடும்தான். வேலிக்கு யார் பணம் தருகிறார்கள் என்ற கேள்வியை மரத் திட்டம் தீட்டுபவர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆடு என்றதும் மேய்ச்சல் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கத் திட்டத்தில் கால்நடைப் பண்ணைக்குத் தனி இடம் உண்டு: ஓடையில் மாடு இறங்காமல் வேலி, மாற்றிடத்தில் தண்ணீர்த் தொட்டி, சுழற்சி மேய்ச்சல் என்று. நம்மிடம் அப்படிப்பட்ட சொந்த மேய்ச்சல் பண்ணைகள் கிடையாது. அறுவடை முடிந்த வயலில், ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை போடுகிறார்கள். இரவெல்லாம் ஆட்டை மறித்து வைப்பதற்கு நிலத்துக்காரர் கூலி கொடுக்கிறார், வயலுக்கு உரம் சேர்கிறது. அரசின் கை படாமல் இரண்டு தரப்பு தங்களுக்குள் பிரித்துக்கொண்ட மண்வளச் செலவு அது. எல்லாவற்றுக்கும் மானியம் தேவையில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

சீமைக் கருவேலத்தில்தான் செலவுப் பகிர்வின் பலவீனம் வெளிப்படுகிறது. இந்த மாவட்டத்தில் அது பிடிக்காத தரிசு அரிது. வேரோடு பிடுங்கி நிலத்தைத் திருத்த வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். 2021-22இல் தொடங்கிய கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில், பத்து முதல் பதினைந்து ஏக்கர் வரை தொடர்ச்சியாகக் கிடக்கும் தரிசை எட்டு விவசாயிகளாவது குழுவாகச் சேர்ந்து கொண்டுவந்தால், முள்ளை அகற்றுவது, நீர் ஆதாரம் ஏற்படுத்துவது, மோட்டார், நுண்ணீர்ப் பாசனம் என்று தொகுப்பாகச் செய்து தருவதாக வகுத்தார்கள். நல்ல வடிவமைப்பு, தனி வாசல்களை ஒன்றாக்கும் முயற்சி அது. ஆனால் நிலத்துக்காரர் வேறொரு கணக்கையும் வைத்திருக்கிறார். கருவேலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டவிட்டால் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் போகிறது. விதை வாங்க வேண்டாம், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், மழை பொய்த்தாலும் பணம் வரும். அதை அழித்து நெல்லுக்கோ சிறுதானியத்துக்கோ மாறுபவர் ஒரு நிச்சயமான வருமானத்தை விட்டு நிச்சயமில்லாத ஒன்றுக்குப் போகிறார். மானியம் அழிக்கும் செலவைக் கணக்கில் எடுக்கிறது. கைவிடும் வருமானத்தை எடுப்பதில்லை. வெளிநாட்டில் படித்து வந்த நிபுணரைவிட, இந்தக் கணக்கை முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரி வியாபாரி நன்றாகச் சொல்வார்.

இதே பிரச்சினையின் கடல் வடிவத்தை இராமேஸ்வரத்தில் பார்க்கலாம். பாக் நீரிணையில் இழுவைப் படகுகள் அடிமண்ணை வாரிச் செல்வதைக் குறைக்க, ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகளுக்கு மாறும் திட்டத்தை 2017 ஜூலையில் தொடங்கினார்கள். ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய் என்று வைத்துப் பங்கு பிரித்தார்கள்: மத்திய அரசு 50 சதவீதம், அதாவது 40 லட்சம், மாநில அரசு 20 சதவீதம், 16 லட்சம், வங்கிக் கடன் 20 சதவீதம், இன்னொரு 16 லட்சம், மீனவர் 10 சதவீதம், 8 லட்சம். பழைய இழுவைப் படகைப் பாக் நீரிணையிலிருந்து விலக்கிவிட வேண்டும். எழுபது சதவீதம் இலவசம் என்றால் வரிசையில் நிற்க வேண்டாமா? நிற்கவில்லை. 2,000 படகுகள் என்ற இலக்குக்கு அருகில்கூட வரவில்லை. மீதிப் பணம் 24 லட்சம். அதில் மூன்றில் இரண்டு பங்கு கடன். அதன் பிறகு நாட்கணக்கில் கடலில் தங்குவதற்கான டீசல், பனிக்கட்டி, ஆள்கூலி, புதிய தொழில்நுட்பம் எல்லாம் மீனவருடையவை. காலையில் போய் மறுநாள் கரைக்கு வந்து பழகியவருக்கு வாழ்க்கை முறையே மாற வேண்டும். பின்னாளில் படகின் விலையை உயர்த்தி நிர்ணயித்தும் பார்த்தார்கள். வாங்கும் செலவைப் பகிர்ந்த திட்டம், ஓட்டும் செலவைப் பகிரவில்லை.

சிறிய அளவில் கடல்பாசி வளர்ப்பு இதைவிட எளிதாகப் பிடித்துக்கொண்டது. 2020இல் வந்த பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். ஒரு மூங்கில் மிதவையின் அலகுத் தொகை 1,500 ரூபாய் என்றால் ஒரு பெண்ணின் பங்கு 600. மண்டபம் பக்கத்தில் தீவுகளைச் சுற்றி முக்குளித்துப் பாசி எடுத்து வாழ்ந்தவர்கள் பெண்கள். 1986இல் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு அவர்கள் தொழில் நெருக்கடிக்குள்ளானது. கரையோரத்திலேயே வளர்க்க முடிந்தால் தீவுகளின் மேலான அழுத்தம் குறையும் என்பது வாதம். ஆனால் வளர்க்கும் கப்பாபைகஸ் வெளிநாட்டுப் பாசி. குருசடைத் தீவுப் பவளப்பாறைகளின் மேல் அது படர்ந்திருப்பது 2008இலேயே பதிவாகிவிட்டது. எனவே மானியம் கிடைக்கிறது என்பதாலேயே ஒன்று இயற்கைப் பாதுகாப்பு ஆகிவிடாது. வாழ்வாதாரத் திட்டம் என்று சொல்லிக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எப்படி விண்ணப்பிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளூர் உதவி வேளாண்மை அலுவலர் இதைவிட நன்றாகச் சொல்வார். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகம், சிறு குறு விவசாயி என்று தாசில்தார் தரும் சான்று. பெரும்பாலான விண்ணப்பங்கள் உழவன் செயலியிலோ அலுவலகத்திலோ பதிவாகும். சொட்டுநீரில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களிலிருந்து ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். அவர்கள் நிலத்தை அளந்து மதிப்பீடு தந்து, பணி ஆணை வந்த பிறகு பொருத்துவார்கள். அதன் பின் ஆய்வு. மானியம் நிறுவனத்துக்கே போகும். குட்டை போன்றவற்றில் நீங்கள் வேலையை முடித்து, அலுவலர் அளந்து பார்த்த பிறகு உங்கள் வங்கிக் கணக்கில் வரும். நடுவில் உள்ள மாதங்களுக்குப் பணம் புரட்ட வேண்டியிருக்கும். அதற்கு வட்டிக்கு வாங்கினால் மானியத்தில் ஒரு பகுதி வட்டிக்காரருக்குப் போய்விடும் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

சிக்கல் வருவது இரண்டு இடங்களில். ஒன்று, பணி ஆணைக்கு முன்னால் ஆரம்பித்துவிடுவது. ஏற்கெனவே முடிந்த வேலைக்குப் பணம் கேட்டால் கிடைக்காது. இன்னொன்று பட்டா. தாத்தா பெயரில் இருக்கும் பட்டா, ஆறு பேர் பெயருள்ள கூட்டுப் பட்டா, வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுடைய கையெழுத்து என்று இங்கே பல கோப்புகள் நின்றுபோகின்றன. குத்தகைக்கு உழுபவர்களின் நிலை இன்னும் மோசம். நுண்ணீர்த் திட்டம் ஏழு ஆண்டுக் குத்தகைப் பத்திரம் கேட்கிறது. வாய்மொழியில் ஆண்டுக்காண்டு பேசிக்கொள்ளும் நம் ஊர் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தரும் குத்தகைக்கு, அப்படி யார் எழுதித் தருவார்? மண்ணைத் தினமும் தொடுபவருக்கு மானியம் எட்டாமல், மதுரையில் இருக்கும் நிலத்துக்காரருக்கு எட்டுவது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை என்பது என் எண்ணம். இப்போதைக்குச் செய்யக்கூடியது, வி.ஏ.ஓ.விடம் பட்டா நிலவரத்தைத் திட்ட அறிவிப்பு வருவதற்கு முன்பே சரிபார்த்து வைப்பதுதான்.

பொருத்திய பிறகு பராமரிப்பு உங்களுடையது என்று ஆரம்பத்தில் சொன்னேன். கடலோரத்தில் அதற்குப் பொருள் உண்டு. உவர்நீரிலுள்ள உப்புகள் சொட்டுவானின் சிறு துளைகளில் படிந்து அடைக்கும். வடிகட்டியைக் கழுவ வேண்டும், பக்கக் குழாயின் முனையைத் திறந்து விட வேண்டும், அவ்வப்போது அமிலம் செலுத்தித் துளைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். இதற்கு எந்தச் சதவீதமும் கிடையாது. விற்பனைக்குப் பிந்தைய சேவை எவ்வளவு காலம், யார் வருவார் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வயலோரத்தில் சுருட்டிக் கிடக்கும் கருங்குழாய்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எப்போது போவது? நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒதுக்கீடு வந்து இலக்கு பிரிப்பதற்குச் சில வாரங்கள் ஆகும். நம் நிலம் அதற்காகக் காத்திருக்காது. ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பு முடிந்துவிட்டால், தை அறுவடை வரை வயலுக்குள் இயந்திரம் இறங்க முடியாது. குட்டை வெட்டவும் முள் அகற்றவும் வரப்பு உயர்த்தவும் உள்ள காலம் பங்குனி முதல் ஆடி வரைதான். எனவே சான்றிதழ்களை மாசியிலேயே வாங்கி வைத்துவிட்டு, சித்திரை பிறந்ததும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். வண்டல் எடுக்க நினைப்பவர்களும் அதே சமயத்தில் தாசில்தார் அலுவலகத்துக்குப் போய்விடுவது நல்லது. கண்மாய் வறண்டு கிடக்கும்போதுதான் டிராக்டர் உள்ளே போய்த் திரும்ப முடியும்.